ஒன்பதில் தொடங்கும் பட்டியல்

கலோண்டுவின் சமையலறைக்கு நடுவில் அளவுக்கல் நட்டிருந்தார்கள்.

சமையலறை என்று இன்னும் சொல்ல முடியாது. முழங்கால் உயரத்துக்குத்தான் சுவர் எழும்பியிருந்தது. செங்கல் அத்தனையும் அவளே மண் மிதித்து, அவளே அறுத்து, அவளே சூளை வைத்துச் சுட்டது. அந்தச் சுவருக்குள், அடுப்பு வரவேண்டிய இடத்தில், தலையில் சிவப்புப் பெயின்ட் அடித்த சிமென்ட் கல் ஒன்று கூப்பிடாமல் வந்த விருந்தாளி போல நின்றது.

"இன்னும் ரெண்டு கல்லு கொண்டு வந்தா போதும், அடுப்பு ரெடி" என்றான் கிசிலு.

"வந்து பத்த வைங்க தம்பி. புல்டோசர்காரன் ஊதிக் குடுப்பான்" என்றாள் கலோண்டு.

வயூவா சிரிக்கவில்லை. குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். பெயின்ட் விரலில் ஒட்டியது.

வயூவா முசாவ் இருபத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, வோட்டே டவுனில் ஒரு செருப்புக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். கிசிலு அவளுடைய டிரைவர், உதவியாளர், சமயத்தில் சமையல்காரன். பதினைந்து வருஷம் மினிபஸ் படியில் தொங்கி ஆள் ஏற்றியவன். அந்த வேலையை விட்ட பிறகும் அவன் வாய் மட்டும் படியிலிருந்து இறங்கவில்லை.

விஷயம் இதுதான். கலோண்டுவின் ஊரான கிதுவானியில் முப்பத்தாறு குடும்பங்கள். பழைய மாட்டுப் பண்ணை நிலத்தைச் சங்கமாகச் சேர்ந்து வாங்கி, சங்கத்தின் பெயரில் ஒரே பட்டாவாக வைத்திருந்தார்கள். தார் ரோடு வரப்போகிறது என்று தெரிந்ததும் நைரோபியிலிருந்து ஒரு கம்பெனி வந்து, கல் வீடு, குழாய்த் தண்ணீர், கரண்ட் என்று கலர் படம் காட்டியது. யோசித்துச் சொல்கிறோம் என்றது ஊர். யோசித்து முடிப்பதற்குள் போன வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. பிப்ரவரி ஆறாம் தேதி நடந்த சங்கக் கூட்டத்தில் நிலம் முழுவதையும் கம்பெனிக்குக் கொடுக்க உறுப்பினர்கள் சம்மதித்துவிட்டார்களாம். முப்பது நாளில் காலி செய்ய வேண்டுமாம். நோட்டீஸோடு கையெழுத்துப் பட்டியலின் நகலும் இருந்தது.

அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை என்று ஊரே சத்தியம் செய்தது.

சந்தேகம் எல்லாம் செயலாளர் முல்வாமேல். டிசம்பரில் மொம்பாசாத் துறைமுகத்தில் வேலை என்று கிளம்பிப் போனவன். அவன் போன் அணைந்து கிடந்தது. சங்க முத்திரையும் அவனிடம்தான் இருந்தது என்று தலைவி தென்யா சொன்னாள். தென்யாவும் வயூவாவும் விடுதிப் பள்ளியில் நாலு வருஷம் ஒரே போர்வைக்குள் தூங்கியவர்கள். இந்த வழக்குக்கு வயூவாவை அழைத்ததே தென்யாதான்.

"உன் கையெழுத்தைக் காட்டு" என்று பட்டியலை நீட்டினாள் வயூவா.

கலோண்டு செம்மண் விரலால் வரிசையைத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள். "இந்தா. என் கோழிக்கால்."

"உன்னுது மாதிரி இருக்கா, உன்னுதேவா?"

"ஆபீசர் அம்மா, நான் பெத்த பிள்ளையை எனக்குத் தெரியாதா? இது என்னுதேதான். ஆனா இதை எங்க பெத்தேன்னுதான் தெரியல."

காலையிலிருந்து பன்னிரண்டு பேரைக் கேட்டாயிற்று. பன்னிரண்டு பேரும் இதையேதான் சொன்னார்கள். கையெழுத்து நிஜம், கூட்டம்தான் பொய்.

"ஊர் மொத்தமும் தூக்கத்துல நடந்து போய்க் கையெழுத்துப் போட்டிருக்கு" என்றான் கிசிலு. "அதுவும் வரிசையில நின்னு. நான் முழிச்சிருக்கிறவங்களையே வரிசையில நிக்க வைக்க முடியாம பதினஞ்சு வருஷம் கத்தியிருக்கேன்."

வந்த பிக்கப் வண்டியின் பானெட்மேல் தாள்களை விரித்தார்கள். மொத்தம் இரண்டு தாள். கோடு போட்ட நீள நோட்டிலிருந்து எடுத்தவை. வரிசை எண், பெயர், கையெழுத்து. நாலு வரிகளை மட்டும் கறுப்பு மையால் பட்டையாக அடித்திருந்தார்கள்.

"மேடம், இதைப் பாருங்க." கிசிலு முதல் தாளின் உச்சியைத் தட்டினான். "பட்டியல் ஒன்பதுல ஆரம்பிக்குது. மினிபஸ்ல முதல் ஆளே ஒன்பதாவதா ஏறினா என்ன அர்த்தம்?"

"நீயே சொல்லு."

"எட்டுப் பேரை முந்தின ஸ்டாப்புலயே ஏத்தியாச்சுன்னு அர்த்தம். அந்த ஸ்டாப் பேரு நமக்குத் தெரியக்கூடாது."

வயூவா அவனை மெச்சிக்கொண்டாள், மனசுக்குள். வெளியே மெச்சினால் வண்டி ஓட்டமாட்டான். "அப்போ முதல் தாள் ஒண்ணு இருந்திருக்கு. அதுல ஒரு தலைப்பும் எட்டுப் பேரும். கிழிச்சவங்களுக்கு அந்தத் தலைப்பு ஆகாது."

ஒன்பதிலிருந்து நாற்பத்தாறு வரை முப்பத்தெட்டு வரிகள். அடித்தது நாலு போனால் முப்பத்துநாலு. சங்கத்தில் முப்பத்தாறு பேர். விட்டுப்போன இருவர் யார் என்று பார்த்தார்கள். ஒருவன் முல்வா. இன்னொருத்தி தென்யா.

"திருடன் தன் பேரை எழுதிக்கமாட்டான், முல்வா இல்லாதது சரி. தலைவி ஏன் இல்ல?" என்றான் கிசிலு.

கலோண்டுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ எப்படி இருப்பா? இந்த ஊருக்கு அணை கட்டினப்ப எங்க எல்லார் கூடையையும்விட அவ கூடைதான் பெரிசு. ஊரே வித்தாலும் தென்யா விக்கமாட்டா. அவகிட்ட வந்து கேக்கக்கூட அவனுங்களுக்குத் தைரியம் இருந்திருக்காது!"

அதைக் கேட்க வயூவாவுக்கு இதமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் வாங்கவேண்டிய அடியையும் சேர்த்து வாங்கியவள் தென்யா.

கிசிலு அதற்குள் கறுப்புப் பட்டைகளைத் தாளில் மூக்கு உரசும்படி பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பட்டைகள் எதையும் காட்டவில்லை. நாலாவதன் கீழே மட்டும் ஒரு வளைவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆட்டை உள்ள விட்டுக் கதவைச் சாத்தினவன் வாலை மறந்துட்டான். பாருங்க, கீழ ஒரு புள்ளி. புழுக்கைகூட இருக்கு."

"சும்மா இரு." வயூவா கலோண்டுவிடம் திரும்பினாள். "இந்த வருஷம் எதுக்கெல்லாம் பேர் எழுதி, கையெழுத்துப் போட்டே?"

கலோண்டு யோசித்தாள். "உர மூட்டைக்கு. ஆனா அது பெருவிரல் ரேகை. அப்புறம் சீஃப் ஆபீஸ்ல கூட்டம் போட்டாங்களே, அதுல எல்லாரும் வரிசையா எழுதினோம்."

வயூவா வண்டிச் சாவியைக் கிசிலுவிடம் வீசினாள்.

அந்த வட்டாரத்து அரசு நிர்வாகியான உதவிச் சீஃபின் அலுவலகம் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. எழுத்தர் அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "முதல்ல வருகைப் பதிவுல கையெழுத்து. அப்புறம்தான் பேச்சு" என்றாள். வயூவா கிறுக்கிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அம்மாள் முகம் சிவந்தது.

"எங்க நோட்டுல பக்கம் கிழியுமா? நல்லாப் பாருங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் நம்பர் அடிச்சு முத்திரை குத்தியிருக்கேன். ஒரு தாள் குறைஞ்சா என் வேலை போகும்."

பார்த்தார்கள். ஒரு தாளும் குறையவில்லை. இந்தப் பாதை மூடிக்கொண்டது.

"சரி, முல்வாவைத் தேடி மொம்பாசாவுக்குப் போவோம். கடல் மீனாவது கிடைக்கும்" என்றான் கிசிலு.

"வெளியே போற நேரமும் எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்றாள் அம்மாள்.

வயூவா நேரத்தை எழுதினாள். கையெழுத்தைப் போட்டாள். கடைசி எழுத்தை இடப்பக்கம் இழுத்து வளைத்து, போலீஸ் நாளிலிருந்து வந்த பழக்கத்தில் கீழே ஒரு புள்ளி குத்தினாள்.

கிசிலு அவளைப் பேனாவைக் கீழே வைக்க விடவில்லை. "மேடம், இன்னொரு தரம் போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்க."

போட்டாள். அவன் பையிலிருந்து நகலை எடுத்து, பதிவு நோட்டின் பக்கத்தில் மெதுவாக வைத்தான். கூடவே ஒரு கேலியும் வராததுதான் வயூவாவை முதலில் பயமுறுத்தியது.

அதே வளைவு. அதே புள்ளி. கறுப்புப் பட்டைக்கு அடியில் இருந்தது அவளுடைய கையெழுத்து.

வயூவா வெளியே வந்து பிக்கப்பின் படியில் உட்கார்ந்தாள். வெயில் உச்சியில் நின்றது. கிதுவானிக்காரர்களோடு வரிசையில் நின்று அவள் எங்கே கையெழுத்துப் போட்டாள்? அவள் இந்த ஊர்க்காரி அல்ல, சங்கத்தில் உறுப்பினரும் அல்ல. இந்த ஊர்க் கூட்டத்தோடு அவள் ஒரே ஒரு நாள்தான் வரிசையில் நின்றிருக்கிறாள்.

ஜனவரியில். தென்யாவின் புருஷன் கிமேயுவை அடக்கம் செய்த அன்று.

எல்லாம் கண்முன் வந்தது. தென்யா வீட்டு வாசலில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, அதன்மேல் கோடு போட்ட நீள நோட்டு. தலைப்பில் கிமேயுவின் பெயர். முதல் தாளில் அவன் அண்ணன் தம்பிகளும் சம்பந்திகளும் மட்டும் எழுதினார்கள். மொத்தம் எட்டுப் பேர். பிறகு ஊர் வரிசை. இடையிடையே வெளியாட்கள்: பாதிரியார், தலைமை ஆசிரியர், சவப்பெட்டி வண்டியின் டிரைவர். இவர்களோடு வயூவா. மூக்கைச் சிந்திக்கொண்டு தன் பெயரை எழுதியது ஞாபகம் வந்தது.

"இரங்கல் நோட்டு" என்றாள்.

கிசிலு பக்கத்தில் வந்து நின்றான். "அப்போ தென்யா அம்மா பேர் இல்லாதது..."

"செத்தவன் பொண்டாட்டி இரங்கல் நோட்டுல எப்படிக் கையெழுத்துப் போடுவா? மத்தவங்க போட்டதே அவளுக்காகத்தான்."

"யாராவது நோட்டைத் திருடியிருக்கலாம், மேடம். அழுதுகிட்டு இருக்கிற வீட்ல அரிசி மூட்டையே காணாமப் போகும்."

அவன் தனக்காகத்தான் அப்படிச் சொல்கிறான் என்று வயூவாவுக்குத் தெரிந்தது. அது நிஜமாக இருக்கவேண்டும் என்று அவளும் வேண்டிக்கொண்டாள். கிதுவானிக்குத் திரும்பும் வழியெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

தென்யா வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். குத்திய மக்காச்சோளமும் பயறும் வேகவைத்து வெங்காயம் தாளித்திருந்தாள். "சாப்பிடாம எங்கடி சுத்தறே? உக்காரு. முல்வா அகப்பட்டானா?"

"தென்யா, கிமேயுவோட இரங்கல் நோட்டைக் கொஞ்சம் காட்டேன்."

கரண்டி தட்டில் ஒரு நொடி தாமதித்தது. அவ்வளவுதான். வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

"அதுவா? பெட்டியில வெச்சிருந்தேன். எலி தின்னுடுச்சு."

"எலி ஒன்பதாம் நம்பர்லேர்ந்து தின்னுச்சா?"

தென்யா கரண்டியைக் கீழே வைத்தாள். கிசிலு கதவருகே நின்று தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வயூவா நகலை மேஜைமேல் விரித்து, நாலாவது பட்டையின்மேல் விரலை வைத்தாள்.

"இது யாருன்னு தெரிஞ்சுதான் அடிச்சியா?"

தென்யா, "தெரிஞ்சுதான் ரெண்டு தரம் அடிச்சேன்" என்றாள்.

வயூவா உட்கார்ந்தாள்.

"பன்னண்டு வருஷம்" என்றாள் தென்யா. "ரோடு வேணும், தண்ணி வேணும்னு பன்னண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸா நாயா அலைஞ்சேன். கிமேயுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னிக்கு, வண்டி ஆத்து மணல்ல ரெண்டு மணி நேரம் சிக்கிக்கிச்சு. என் மடியிலதான் போனான். கம்பெனிக்காரன் வந்து, நிலத்தைக் குடுங்க, ரோட்டை உங்க வாசலுக்கே கொண்டாரோம், முப்பத்தாறு வீடும் கட்டித் தரோம்னான். இவங்க என்ன சொன்னாங்க? யோசிக்கிறோம். அணை கட்டறதுக்கே மூணு வருஷம் யோசிச்ச ஜனம்டி இது! நானே முடிவு எடுத்தேன். வீட்டைப் பார்த்தா சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன்."

"வீடு எங்கே?"

"கடைசி ஒப்பந்தத்துல அந்த வரி இல்ல. கேட்டா, வீடு உண்டு, விலைக்குத்தான்னு சொல்றான்."

"அப்பவே ஊர்ல சொல்லியிருக்கலாமே."

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு?"

"உனக்கு என்ன குடுத்தான்?"

தென்யா ஜன்னலைப் பார்த்தாள். வயூவா விடவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி. இப்படி வாய் கசந்து கேட்டதில்லை. "தென்யா, உனக்கு என்ன குடுத்தான்?"

"ரோட்டு வளைவுல முதல் மனை. பையன் பேருக்கு."

கதவருகே கிசிலு பெருமூச்சு விட்டான்.

"முத்திரை?"

"என்கிட்டதான் இருக்கு. முல்வா போகும்போது குடுத்துட்டுத்தான் போனான். பாவம், அவன் புது நம்பர்கூட என்கிட்ட இருக்கு."

"அப்போ என்னை ஏன்டி கூப்பிட்டே?" வயூவாவின் குரல் உயர்ந்தது. "உன் திருட்டைக் கண்டுபிடிக்க நீயே ஆள் வைப்பியா?"

"நோட்டீஸ் வந்ததும், வெளியாள் ஒருத்தரைக் கொண்டாந்து விசாரிக்கணும்னு ஊர் பிடிவாதம் பிடிச்சுது. நான் மாட்டேன்னா என்மேல திரும்பும். வேற யார் வந்தாலும் முதல்ல தலைவியைத்தான் தோண்டுவாங்க." தென்யா இப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தாள். "நீன்னா என்னைச் சந்தேகப்படமாட்டே."

அது உண்மைதான். அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது. தன் திறமையை நம்பித் தோழி அழைத்தாள் என்று வயூவா நினைத்துக்கொண்டிருந்தாள். தோழி நம்பியது வயூவாவின் குருட்டுத்தனத்தை.

அவள் தாள்களை மடித்து எழுந்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை. "அசல் தாளைப் பதிவுக்குக் கொண்டுவராம நிலம் கைமாறாது. அதுல அந்த மைக்கு அடியில நாலு வெளியாள் கையெழுத்து இருக்கு. சங்கக் கூட்டத்துல சவவண்டி டிரைவருக்கு என்ன வேலைன்னு கோர்ட் கேக்கும். நாலு பேரும் சாட்சி சொல்லுவோம். முதல் ஆள் நான்."

"எனக்கு எதிரா நிப்பியா?"

"நிப்பேன்."

"முப்பத்தஞ்சு வருஷம், வயூவா."

"அதை நோட்டுல பட்டை அடிக்கும்போது நினைச்சிருக்கணும்." கதவருகே போய்த் திரும்பினாள். "சாயங்காலம் எல்லாரும் தண்ணித் தொட்டிக்கு வருவாங்க. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? நான் சொன்னா வெறும் சட்டம்தான் சொல்லுவேன். ஆத்து மணலைப் பத்திச் சொல்ல மாட்டேன்."

வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்டால், நல்லபடியாகவே முடிந்தது. பாதிரியார், தலைமை ஆசிரியர், டிரைவர், வயூவா என நாலு பேரும் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். மொம்பாசாவிலிருந்து முல்வாவும் வந்து, எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, சாட்சி சொன்னான். பதினோராம் நாள் தடையுத்தரவு வந்தது. நாலு மாதத்தில் அந்தச் சம்மதமே செல்லாது என்றாகி, சிவப்புக் கற்களைக் கம்பெனி ஆட்களே பிடுங்கிக்கொண்டு போனார்கள். தென்யா பதவியை விட்டாள். அவள்மேல் தனி வழக்கும் நடந்தது. ஆனால் கிதுவானியில் யாரும் கோர்ட்டைப் பற்றிப் பேசுவதில்லை. அன்று சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியடியில் நடந்ததைத்தான் இன்னும் பேசுகிறார்கள்.

தென்யா வந்தாள். யாரும் கூப்பிடாமல் தானே முன்னால் வந்து நின்று, இரங்கல் நோட்டிலிருந்து தொடங்கி ரோட்டு வளைவு மனை வரைக்கும் எதையும் விடாமல் சொன்னாள். ஆற்று மணலையும் சொன்னாள். குடத்தில் விழுகிற தண்ணீரைக்கூட யாரோ நிறுத்திவிட்டார்கள். பின்வரிசையில் ஒருவன் கல்லைப் பொறுக்கினான். கிசிலு அவன் பக்கத்தில் போய், கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டான்.

கலோண்டுதான் எழுந்தாள்.

"என் பழைய வீட்டுக் கூரைக்கு முதல் தகரம் கிமேயு தூக்கிட்டு வந்தது. அவனுக்காகன்னுதான் பேனாவைப் பிடிச்சேன். எனக்கு எழுத வராதுன்னு நீதான் என் பேரை எழுதிக் குடுத்தே, நான் பக்கத்துல கையெழுத்துப் போட்டேன். இப்ப ஞாபகம் வருது." அவள் குரல் சண்டைக்காரக் குரலாக இல்லை. "அப்புறம் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதியே தென்யா, அது நடிப்பா? அன்னிக்கே இதை நினைச்சு வெச்சிருந்தியா?"

தென்யா தலையை அசைத்தாள். "இல்ல. அன்னிக்கு நிஜமாத்தான் அழுதேன். நோட்டை எடுத்தது அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு."

கலோண்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நடிப்புன்னு சொல்லியிருந்தா காறித் துப்பிட்டுப் போயிருப்பேன்" என்றாள். "இப்ப நான் என்ன பண்ணுவேன்?"

கலோண்டு குனிந்து, பாதி நிரம்பிய தன் குடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் போனார்கள். போகிற வழியில் தென்யாவை இடிக்காமல் விலகி விலகிப் போனார்கள், நடுவில் நின்ற மரத்தைச் சுற்றிப் போவது போல.